பிரிக்க முடியாத சுமை

ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளில் மின்சாரம் இருக்காது. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறிய தேர் நிலையை விட்டு நகர்ந்து, நான்கு வீதியும் சுற்றி, மறுபடி நிலைக்கு வந்து நிற்கும்வரை ஊர் முழுக்க அந்த ஒரே காரியத்தில்தான் இருக்கும். கூட்டத்தின் கண் வடத்தின் மேல். என் கண் எப்போதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் மேல்தான் போகும். ஆயிரம் பேர் முன்னால் இழுக்கலாம். தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது அந்தச் சில பேரின் கையிலுள்ள மரக்கட்டை.

பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துப் பார்த்தால், பொதுச்சாலையில் ஆண்டுதோறும் நடக்கும் ஓர் அளவுமீறிய சுமைப் பெயர்ச்சி இது. அகலம் கூடுதல், உயரம் கூடுதல், எடை கூடுதல். பாதிப் பாதியாகக் கொண்டுபோகவும் வழியில்லை. ஆகவே பொதுப்பணித் துறைப் பொறியாளர் தேரைப் பார்த்து உறுதிச் சான்று தர வேண்டியிருக்கிறது. மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்துகிறது. சாலையின் பள்ளம் மூடப்படுகிறது. போலீஸ் போக்குவரத்தை வேறு வழியில் திருப்புகிறது. இத்தனையும் ஒரு சுமைக்காக.

இதே ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் வேறு வகைத் தேர்கள் ஓடுகின்றன. திருமங்கலத்தில் பிரிந்து டி.கல்லுப்பட்டி, அழகாபுரி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொல்லம் போகும் சாலை அது. வடக்கிலிருந்து தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வரும் இறக்கைகளுக்கும் கோபுரத் துண்டுகளுக்கும் இது இயல்பான வழி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் பஸ்ஸில் போய்வருகிறவர்கள், முன்னால் ஊர்ந்துபோகும் வெள்ளை இறக்கையின் பின்னால் சிக்கிப் பொறுமையிழந்த அனுபவம் இல்லாமல் இருக்கமாட்டார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் அன்றைக்கு மட்டும் மதுரை தூரமாகிவிடும்.

தேருக்கு ஊர் வழிவிடுவதையும் இறக்கைக்கு அரசு அனுமதி தருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்படிச் சிக்கிய ஒரு மாலையில்தான்.

முதலில் சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் வண்டிக்கு ஒரு சட்டகம் போட்டு வைத்திருக்கின்றன. அகலம் 2.6 மீட்டருக்கு மேல் கூடாது என்கிறது விதி 93. சாதாரண லாரியின் நீளம் 12 மீட்டர். ட்ரெய்லர் பூட்டிய வண்டியென்றாலும் 19 மீட்டரைத் தொடக்கூடாது. எடைக்கு 113-ஆம் பிரிவு இருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியது: நான்கு டயர் கொண்ட ஓர் அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கும், கனரக ட்ரெய்லரின் மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கும் போயின. வரம்பை மீறினால் 194-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக வரும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கு வண்டியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000.

இந்தச் சட்டகத்துக்குள் அடங்காத சுமையை லாரிக்காரர்கள் ‘ஓடிசி’ என்பார்கள். ஓடிசி லோடு, ஓடிசி வண்டி, ஓடிசி டிரைவர். அளவு மீறியதும் எடை மீறியதும் அரசுத் தாளில் இரண்டு தனித்தனி இனம். பேச்சு வழக்கில் எல்லாமே ஓடிசிதான். அனுமதியின் அடிப்படை ஒரே ஒரு கேள்வி: இதைப் பிரித்துக் கொண்டுபோக முடியுமா? முடியும் என்றால் அனுமதி கிடையாது. நூறு டன் சிமெண்டை ஒரே வண்டியில் ஏற்றுவேன் என்று எவரும் விண்ணப்பிக்க முடியாது. மூட்டை மூட்டையாகப் பிரியும் பொருள் அது. மின்மாற்றி பிரியாது. கொதிகலன் பிரியாது. காற்றாலை இறக்கை பிரியாது. பிரியாததற்கு மட்டுமே விதிவிலக்கு. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடம் இதுதான். சுமக்கிறவனின் வசதியைக் கேட்காமல் சுமையின் இயல்பைக் கேட்கிறது.

ஆனால் கேள்வி ஒன்றாக இருந்தாலும் கேட்கிறவர்கள் பலர். தேசிய நெடுஞ்சாலைக்கு மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சகம் அனுமதி தர வேண்டும். அதற்கு இணையவழி விண்ணப்பம் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைக்குள் திரும்பினால் மாநில நெடுஞ்சாலைத் துறை. அங்கிருந்து ஊராட்சி ஒன்றியச் சாலைக்குள் இறங்கினால் ஒன்றியம். மின்கம்பிக்கு மின்வாரியம். ரயில்வே கேட்டைக் கடக்க ரயில்வே. விருதுநகர்–தென்காசிப் பாதை மின்மயமாகிவிட்டதால் அங்கேயும் தலைக்குமேல் கம்பி. கூடவே போலீஸ். இத்தனை தாளும் கையில் இருந்தாலும், வளைவில் சுவர் இடிக்கிறது என்றால் அந்த வீட்டுக்காரரிடம் பேசித் தீர்க்க வேண்டியது வண்டியோடு வந்தவர்தான்.

இந்த அலுவலகங்கள் அத்தனையிலும் உண்மையில் தலைவலி யாருக்கு என்றால் பாலம் பார்க்கும் பொறியாளருக்கு. இதைப் புரிந்துகொள்ள 744-ஆம் சாலையின் கிடையைப் பார்க்க வேண்டும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. மழைத் தண்ணீர் கிழக்கே இறங்குகிறது. சாலையோ ராஜபாளையத்திலிருந்து தென்காசி வரை மலையடிவாரத்தையொட்டித் தெற்கே போகிறது. ஆகவே மலையிலிருந்து வரும் ஒவ்வொரு ஓடையையும் குறுக்கே கடக்காமல் இந்தச் சாலைக்கு வேறு வழியில்லை. பெரிய ஆறு இல்லை என்பதால் பெரிய பாலம் இல்லை. ஆனால் கண்மாய்க்குப் போகும் வாய்க்கால், கலுங்கு தாண்டிய ஓடை, காட்டாறு என்று சிறுபாலங்கள் ஒன்றையடுத்து ஒன்று. பஸ்ஸில் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. கைப்பிடிச் சுவர் கண்ணில் படும் முன் கடந்துவிடும். நூறு டன் லோடு வந்தால் ஒவ்வொரு சிறுபாலமும் ஒரு கேள்வியாக எழுந்து நிற்கும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த விதிமுறைப்படி முக்கியச் சாலைப் பாலங்கள் ‘70ஆர்’ என்ற சுமை வகுப்புக்கு வடிவமைக்கப்படுகின்றன. ஏழு அச்சில் 100 டன் ஏற்றிய ஒரு கற்பனை வண்டி அது. எடை மீறிய லோடுகள் பெருகியதும் 2014 பதிப்பில் இன்னொரு கற்பனை வண்டி சேர்ந்தது: இழுவை வண்டியும் 20 அச்சு ஹைட்ராலிக் ட்ரெய்லரும் சேர்ந்து 385 டன். அதற்கு விதித்திருக்கும் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். பாலத்தின் நட்டநடுவே ஓட வேண்டும். மையக்கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. அந்த நேரத்தில் பாலத்தில் வேறு வண்டியே இருக்கக் கூடாது. பிரேக் அடிப்பது கணக்கிலேயே இல்லை. ரத வீதியில் தேர் போகும் ஒழுங்கு வேறென்ன?

இந்த ஒழுங்குக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. வேகமாக ஓடும் லாரி பாலத்தின் மேல் எடையை மட்டும் வைப்பதில்லை. அதிர்வையும் சேர்த்து வைக்கிறது. ஊர்ந்துபோகும் வண்டியில் அந்தக் கூடுதல் இல்லை. ஹைட்ராலிக் ட்ரெய்லரில் ஓர் அச்சுவரிசைக்கு எட்டு டயர். அச்சுக்கு 18 டன் என்றால் டயருக்கு இரண்டேகால் டன். நாம் அன்றாடம் பார்க்கும் லாரியின் பின்னச்சில் 11.5 டன்னை நான்கு டயர் சுமக்கிறது. டயருக்கு ஏறத்தாழ 2.9 டன். ராட்சதன் என்று நாம் ஒதுங்கி நின்று பார்க்கும் வண்டி, தார்ச்சாலையை அழுத்துவதில் ஜல்லி லாரியைவிட மென்மையானது. நீளமான கண் கொண்ட பாலம் மட்டும் வேறு விஷயம்: அங்கே மொத்த எடையும் ஒரே நேரத்தில் ஒரே தூலத்தின் மேல் நின்றுவிடும். சிறுபாலத்தில் அப்படி இல்லை. நான்கைந்து அச்சு ஏறும்போதே முன் அச்சுகள் இறங்கியிருக்கும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த புகழ்பெற்ற சாலைச் சோதனை ஒன்று உண்டு. அச்சு எடை இரட்டித்தால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரட்டிப்பதில்லை, ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்று அதிலிருந்துதான் பொறியாளர்கள் கற்றார்கள். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு புளியரை ‘எஸ்’ வளைவில் ஒரு மணிநேரம் நின்றால் போதும். கேரளத்துக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சிரைத்து ஏறும். அதிகபாரம் பற்றித் தென்காசி மாவட்டத்தில் எழாத புகார் இல்லை. ஓடிசி லோடுக்கு வரைபடம் வேண்டும், அச்சுக் கணக்கு வேண்டும், இழப்பீட்டு உறுதிமொழி வேண்டும். ஜல்லி லாரிக்கு இதெல்லாம் வேண்டாம். எப்போதாவது ஒரு சோதனை, ஓர் அபராதம். சாலையைத் தேய்ப்பது தினமும் வருகிறது. தாளை நிரப்ப வேண்டியது எப்போதோ வருகிறது. அனுமதி முறை தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் கண் விழுந்திருக்கும் இடம்தான் உறுத்துகிறது.

எடையைவிட நீளம் வேறு மாதிரியான தொல்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் கையாண்ட இறக்கைகளில் 81.5 மீட்டர் நீளமுள்ளதும் உண்டு. எடை 25 டன்தான். பாலத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் 81.5 மீட்டர் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தைப் படுக்கவைத்தாலும் அதைத் தாண்டி நீளும். கோபுரம் 192 அடி, அதாவது 58 மீட்டர் சொச்சம். அப்படியொன்று திரும்பும்போது அடிப்பாகம் சாலையில் இருக்கும். நுனி சாலையில் இருக்காது. தேநீர்க்கடைக் கூரைக்கு மேலோ தென்னந்தோப்புக்கு மேலோ வீசிக்கொண்டு போகும். பின் சக்கரத் தொகுதியைத் தனியாகத் திருப்ப ஓர் ஆள் கூடவே நடந்துவருவார். முட்டுக்கட்டைக்காரருக்கும் இவருக்கும் வேலை ஒன்றுதான். சீனத்தின் மலைச்சாலைகளிலும் ஜெர்மனியின் சில காட்டுப் பாதைகளிலும் இறக்கையின் அடியைப் பிடித்து நுனியை வானத்தை நோக்கித் தூக்கிவைக்கும் கருவியைப் பயன்படுத்துகிறார்கள்; அப்போது வளைவு அகலத் தேவையில்லை, மேலே கம்பி மட்டும் இருக்கக்கூடாது.

கம்பி என்றதும் களிமேடு நினைவுக்கு வராமல் போகாது. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். தேர் புதிதில்லை, வழியும் புதிதில்லை. சாலை புதுப்பிக்கப்பட்டுத் தரை உயர்ந்திருந்தது என்பது அப்போது பரவலாகப் பேசப்பட்டது. சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டரும், 11,000 வோல்ட் கம்பி 6.1 மீட்டரும் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறை. தரையிலிருந்து என்பதில்தான் விஷயமே. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போடும் நம் வழக்கத்தில், கம்பி அசையாமலே கீழே இறங்குகிறது. காற்றாலைக் கோபுரத்தின் அடித்துண்டு 4 மீட்டருக்கு மேல் விட்டம் கொண்டது. தாழ்வான ட்ரெய்லரில் ஏற்றினாலும் 5 மீட்டரைத் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் இடைவெளியை நம்பி ஓட்ட முடியாது. உயரழுத்தக் கம்பி தொட்டால்தான் ஆபத்து என்றில்லை. நெருங்கினாலே மின்சாரம் தாவும். அதனால்தான் ஓடிசி வண்டிக்கு முன்னால் பைலட் வண்டி போகிறது. உயரம் அளக்கும் கம்பு அதில் நட்டிருக்கும். கம்பு தட்டினால் பின்னால் வருபவர் நிற்க வேண்டும், இ.பி. ஆள் வந்து லைனை நிறுத்த வேண்டும். அவர் வரும்வரை புளியமர நிழலில் சமையல் நடக்கும்.

அந்தச் சமையல் எவ்வளவு நாள் நடக்கலாம் என்பதற்கு நம் கண்முன்னே இரண்டு கதைகள் இருக்கின்றன. திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்துக்கு ஓர் அழுத்தக்கலன் மகாராஷ்டிரத்திலிருந்து 2019 ஜூலையில் கிளம்பியது. எடை 70 டன்னுக்கு மேல், உயரம் 7.5 மீட்டர், 74 சக்கர வண்டி, கூடவே 32 ஆட்கள். சேர்ந்தது 2020 ஜூலையில். சுமார் 1,700 கிலோமீட்டருக்கு ஓராண்டு; நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. இடையில் ஊரடங்கு வேறு. மரம் வெட்டி, கம்பி தூக்கி, பாலத்தைப் பலப்படுத்தி நகர்ந்த வண்டி அது.

இரண்டாவது கதையை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய ஒற்றைக்கல் பெருமாள் சிலை பெங்களூரு ஈஜிபுராவுக்குப் போனது. பத்திரிகைகள் கோதண்டராமர் சிலை என்றே எழுதின. 64 அடி நீளம், 350 டன்னை ஒட்டிய எடை, 240 டயர். 2018 டிசம்பரில் புறப்பட்டு 2019 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. வழியில் டயர்கள் வெடித்தன. குறுகலான ஊர்களில் கடை முகப்புகளையும் வீட்டுப் பகுதிகளையும் இடித்து வழி செய்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தென்பெண்ணைப் பாலம் தாங்காது என்ற கேள்வி எழுந்ததும் ஆற்றுக்குள்ளேயே மண்பாதை போட்டுத்தான் கடந்தார்கள். டயர் கணக்குப்படி ஒவ்வொரு டயரும் சாதாரண லாரி டயரைவிடக் குறைவாகத்தான் சுமந்தது. ஆனால் பாலத்தின் ஒரு கண்ணுக்கு டயர் கணக்கு தெரியாது, மொத்தம்தான் தெரியும். போகிற இடமெல்லாம் சூடம் ஏற்றி வணங்கிய மக்கள், அதே வண்டி தங்கள் வாசலை அடைத்தபோது இழப்பீடு கேட்டார்கள். இரண்டும் நியாயம்தான்.

இவ்வளவு தொல்லைக்குப் பயந்து கடலில் போனாலும் பயன் உறுதியில்லை. 2023 செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து கூடங்குளத்துக்கு இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை ஏற்றிச் சென்ற மிதவை, அணுமின் நிலையத்தின் அருகிலேயே பாறையில் தட்டி நின்றது.

பிரிட்டனில் இதைக் கையாளும் விதம் சுருக்கமானது. அளவு மீறிய பெரும்பாலான சுமைகளுக்கு அங்கே அனுமதி கேட்பதில்லை, அறிவிக்கிறார்கள். போலீசுக்கும் சாலை, பாலப் பொறுப்பாளர்களுக்கும் இரண்டு வேலைநாள் முன்பே தெரிவித்துவிட வேண்டும். 80 டன்னுக்கு மேலென்றால் சாலை, பாலப் பொறுப்பாளர்களுக்கு ஐந்து நாள். அகலம் 5 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும். வழியிலுள்ள ஒவ்வொரு பாலத்தின் தாங்குதிறனும் பதிவாகியிருக்கும் நாட்டில் இது நடக்கும். நம்மிடம் பாலம் இருக்கிறது. அதைக் கட்டிய ஆண்டின் வரைபடம் எந்த அலுவலகத்து எந்த அலமாரியில் என்பதுதான் கேள்வி. ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் அதே பாலத்தைப் புதிதாகப் பார்க்கிறோம். இறக்கை வண்டியின் பைலட்டுக்கோ எந்த வளைவில் எந்தப் பனைமரம், எந்த ஊரில் தாழ்ந்த கேபிள் என்று மனப்பாடம். அந்த அறிவு அவரோடு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுகிறது, கோப்பில் ஏறுவதில்லை.

தேருக்கு இந்தக் குறை இல்லை. ரத வீதி என்ற பெயரிலேயே வழி ஒதுக்கப்பட்டிருக்கிறது. தேருக்கென்று தெருவை அகலமாக விட்டார்கள். கடைக்காரர் பந்தல் நீட்டினால் தேர் வரும் வாரத்தில் தானாகவே சுருங்கும். முட்டுக்கட்டை போடுகிறவரின் மகன் அப்பாவின் பக்கத்தில் நின்று கற்கிறான். வழியும் சுமையும் ஆட்களும் மாறாததால் அறிவு ஊரிலேயே தங்குகிறது. திருமங்கலம்–ராஜபாளையம் நான்குவழிச் சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் ஒதுக்கிப் போகும்போது இறக்கைகள் பஸ்காரர்களைச் சோதிப்பது குறையும். ஆனால் காற்றாலைகள் நான்குவழிச் சாலையோரத்தில் இல்லை. கடைசி ஐந்து கிலோமீட்டர் எப்போதும் ஒன்றியச் சாலையிலும் கண்மாய்க் கரையிலும் பட்டா நிலத்து வண்டிப்பாதையிலும்தான். அங்கே அமைச்சகத்தின் இணையதளம் எட்டாது. வளைவில் வயலின் மூலையை எடுத்துக் கிராவல் கொட்ட வேண்டும். அந்த வயல் யாருடையதோ அவரோடு பேசி விலை படிய வேண்டும்.

இந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டர் இனிமேல்தான் சிக்கலாகப் போகிறது. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் வந்தது. அதன்பின் தொண்ணூறுகளில் கயத்தாறு, முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்ப் பக்கங்களில் நட்டவை 250 கிலோவாட் சுற்றளவிலான சின்னக் காத்தாடிகள். இறக்கை 13, 14 மீட்டர்தான். சற்றே நீண்ட லாரியில் வந்திறங்கின. நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் இவை பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பழையதை எடுத்துவிட்டுப் பெரியதை நடுவதற்கென்றே 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. பத்துச் சின்னக் காத்தாடி நின்ற காட்டில் ஒன்றிரண்டு பெரியவை நிற்கும். ஆனால் 14 மீட்டர் இறக்கை திரும்பிய அதே முச்சந்தியில் 70 மீட்டர் இறக்கை திரும்ப வேண்டும். இடையில் அந்த முச்சந்தியில் முப்பது வருடத்துக்கான வீடுகள் முளைத்திருக்கின்றன.

புதியது உள்ளே வருமுன் பழையது வெளியே போக வேண்டும். கழற்றி இறக்கிய பழைய இறக்கைகளை முழுசாகக் கொண்டுபோக யாரும் மெனக்கெடுவதில்லை. காட்டிலேயே வைத்து அறுக்கிறார்கள். கண்ணாடியிழைத் தூசி பறக்க, லாரித் தொட்டிக்குள் அடங்கும் அளவுக்குத் துண்டு போட்டு அடுக்குகிறார்கள். அந்த லாரிக்குப் பைலட் வண்டி கிடையாது. ஓடிசி தாள் கிடையாது. ராஜபாளையம் வழியாக அது போகும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.